விளக்கு எரிந்த பின் தொடங்கிய பாடம்

ஆந்த்ரே பசான் (1918–1958)

படம் முடிந்து மண்டபத்து விளக்குகள் எரிந்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள்? கதிரையைத் தள்ளிவிட்டு வாசலை நோக்கி நடப்பீர்கள். வழியில் நல்ல படம் என்றோ, காசு வீண் என்றோ ஒரு சொல் சொல்வீர்கள். வீடு வந்து சேரும்போது படமும் மறந்துவிடும். நம்மில் அநேகர் படம் பார்க்கும் முறை இதுதான்.

விளக்கு எரிந்த அந்த வேளையில்தான் தன் வேலையைத் தொடங்கிய ஒரு மனிதர் பிரான்ஸ் நாட்டில் வாழ்ந்தார். திரையின் ஓரமாக எழுந்து நின்று, திக்கித் திக்கிப் பேசி, சற்று முன் பார்த்ததைப் பற்றி மக்களைச் சிந்திக்க வைத்தார். அவர் நடிகருமல்லர், படம் எடுத்தவருமல்லர், பணம் போட்டவருமல்லர். நாற்பது வயதில் இறந்துபோன அவரை, இன்று உலகெங்கும் திரைப்படக் கலையைக் கற்கும் மாணவர்கள் ஆசானாகக் கொள்கின்றனர். அவர் பெயர் ஆந்த்ரே பசான்.

வேற்று நாட்டுப் படங்களையும், பெருநிறுவனங்களின் துணையின்றிச் சொந்த முயற்சியில் எடுக்கப்பட்ட படங்களையும் தெரிந்தெடுத்து, வாரத்துக்கொன்றாக ஊர் மக்களுக்குக் காட்டிக் கலந்துரையாடும் திரைப்படக் கழகங்கள் பல நாடுகளில் நடக்கின்றன. அந்தக் கழகங்களுக்கு ஒரு நோக்கத்தையும் ஒழுங்கையும் கொடுத்தவர்களுள் பசான் முன்வரிசையில் நிற்பவர். அவருடைய வாழ்க்கையை அறிந்துகொள்வது நமக்கும் பயன் தரும்.

ஆசிரியராக முடியாத ஆசிரியர்

பசான் 1918ஆம் ஆண்டு ஏப்ரில் 18ஆந் திகதி பிரான்சின் மேற்கே உள்ள ஆன்ஜே நகரில் பிறந்தார். அவருக்கு ஐந்து வயதானபோது குடும்பம் லா றொஷேல் என்னும் துறைமுகப் பட்டினத்தில் குடியேறியது. அங்கே கிறிஸ்தவ சகோதரர்களின் பாடசாலையில் அவர் படித்தார். சிறு வயதிலேயே இரண்டு விடயங்களில் அவருக்கு அடங்காத ஆசை இருந்தது. ஒன்று வாசிப்பு, மற்றது உயிரினங்கள். பூச்சி, பல்லி, பறவை எதுவானாலும் பிடித்து வந்து வளர்த்து, மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார். எதையும் குழப்பாமல், அதன் போக்கில் விட்டு, பொறுமையோடு கவனிக்கும் அந்தப் பழக்கம் பிற்காலத்தில் அவர் படம் பார்த்த முறையிலும் விளங்கியது.

ஆசிரியராவதே அவர் கனவு. லா றொஷேலிலும் பின்னர் வெர்சாயிலும் ஆசிரிய பயிற்சி பெற்றார். 1938இல் சேன் குளூ உயர் ஆசிரிய கலாசாலையில் இடம் கிடைத்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளையொன்று கல்வியால் எட்டக்கூடிய உயர்ந்த படிகளுள் அதுவும் ஒன்று. ஆனால் அவர் நாவில் ஒரு கொன்னை இருந்தது. எழுத்துப் பரீட்சைகளிற் சிறப்பாகத் தேறியவர் வாய்மொழிப் பரீட்சையில் தடுக்கப்பட்டார். திக்கிப் பேசுபவர் வகுப்பறையில் நின்று கற்பிக்க இயலாது என்று தீர்ப்பாயிற்று. 1941இல், இருபத்துமூன்று வயதில், அவர் கண்ட ஒரே கனவின் கதவு மூடப்பட்டது.

அதிலே மனம் உடைந்து போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வகுப்பறை கிடைக்காத அந்த மனிதர் வகுப்பறைக்கு வெளியே தமக்கொரு வகுப்பைத் தேடிக்கொண்டார்.

யுத்தகாலத்து இருட்டறை

1939இல் யுத்தம் மூண்டபோது பசான் இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டார். போர்முனையைக் காணாமலே படைமுகாம்களில் நாட்கள் கழிந்தன. அப்போது ஒரு நண்பரோடு படங்களுக்குப் போகத் தொடங்கினார். இருவரும் வாயாரப் பேசினார்கள். நாடகத்துக்கும் ஓவியத்துக்கும் கிடைத்த ஆழ்ந்த ஆராய்ச்சி இந்தப் புதிய கலைக்கு ஏன் கிடைக்கவில்லை என்னும் கேள்வி அங்கேதான் அவர் உள்ளத்தில் விழுந்தது.

1940 யூன் மாதத்தில் பாரிஸ் ஜேர்மனியரிடம் வீழ்ந்தது. ஊரடங்கும் பசியும் பயமும் நிறைந்த அந்நகரில், யுத்தத்தால் படிப்பும் வீடும் குழம்பிய மாணவர்களுக்காக ‘இலக்கிய இல்லம்’ என்றொரு நிலையம் இயங்கியது. 1942இல் பசான் அங்கே ஒரு திரைப்படக் கழகத்தைத் தொடங்கினார். பழைய படச்சுருள்களைத் தேடி எடுத்து, சிறிய மண்டபத்தில் மாணவர்களுக்குக் காட்டினார். ஆக்கிரமிப்பாளர் தடைசெய்த படங்களும் அங்கே காட்டப்பட்டன. அகப்பட்டிருந்தால் தண்டனை இலேசாக இருந்திருக்காது.

படத்துக்கு முன் சிறியதொரு அறிமுகம், படம், அதன்பின் கலந்துரையாடல். இதுவே அவர் வகுத்த ஒழுங்கு. மேடையில் நிற்கும்போது கொன்னை அவரைத் தொந்தரவு செய்தது உண்மை. ஆனால் சொல்லுக்காக அவர் தவிக்கும் அந்த இடைவெளியில் சபையோரும் அவரோடு சேர்ந்து சிந்தித்தார்கள். பரீட்சகர்கள் குறையென்று கண்டதைக் கேட்போர் குறையாகக் கொள்ளவில்லை.

அக்காலத்தில் அவர் சிந்தனையை உருவாக்கியவர்களுள் ஒருவர் எம்மானுவேல் மூனியே. 1932இல் ‘எஸ்ப்ரி’ என்னும் சஞ்சிகையைத் தொடங்கிய கத்தோலிக்க மெய்யியலாளர் அவர். மனிதனை வெறும் இயந்திரத்தின் உறுப்பாக நடத்தும் முதலாளித்துவத்தையும், கூட்டத்தின் ஒரு துகளாக நடத்தும் சர்வாதிகாரத்தையும் மூனியே ஒருங்கே மறுத்தார். ஒவ்வொருவரும் தனித்துவமும் சுதந்திரமும் பொறுப்பும் உள்ள ஆள் என்பது அவர் போதனை. பசான் அந்த எண்ணத்தைத் திரையரங்குக்குள் கொண்டு சென்றார். இருட்டில் இருக்கும் பார்வையாளனும் ஓர் ஆள். அவனை மயக்கக் கூடாது, ஏமாற்றக் கூடாது, சிந்திக்க விடவேண்டும். அவர் பின்னர் எழுதியவற்றுக்கெல்லாம் வேர் இதுதான்.

தொழிற்சாலை வாசலில்

1944இல் பாரிஸ் விடுதலை பெற்றது. கலைகளும் கல்வியும் உழைப்பாளிகளைச் சென்றடைய வேண்டும் என்ற ஆர்வம் நாடெங்கும் எழுந்தது. ‘உழைப்பும் பண்பாடும்’ என்னும் பொருள்படும் பெயர் கொண்ட இயக்கம் ஒன்று உருவாயிற்று. அதன் திரைப்படப் பகுதி பசானிடம் ஒப்படைக்கப்பட்டது. பிற்காலத்தில் பெயர் பெற்ற கிறிஸ் மார்க்கர், அலன் ரெனே ஆகியோரும் அக்காலத்தில் அந்த வட்டத்தில் உழைத்தவர்கள்.

பசான் தொழிற்சாலைகளுக்கும் தொழிற்சங்க மண்டபங்களுக்கும் மாணவர் விடுதிகளுக்கும் படங்களைக் கொண்டுபோனார். ஜேர்மனிக்கும் வட ஆபிரிக்காவுக்கும் கூடச் சென்று வந்தார். அதே காலத்தில் ‘பரிசியன் லிபெரே’ என்னும் தினசரியிலும் எழுதினார். மிகப் பெருந்தொகையான சாதாரண மக்கள் வாசித்த பத்திரிகை அது. மெய்யியலாளருக்கான சஞ்சிகையில் எழுதிய அதே கருத்தைத் தினசரி வாசகனுக்கும் விளங்கும்படி சுருக்கி எழுத அவருக்குத் தெரியும்.

அவர் அடிக்கடி காட்டிய படங்களுள் ஒன்று, மார்சல் கார்னே 1939இல் எடுத்த ‘பொழுது விடிகிறது’. ஒரு தொழிலாளி கொலை செய்துவிட்டு, மேல்மாடியிலுள்ள தன் சிற்றறையில் தன்னைப் பூட்டிக்கொள்கிறான். வெளியே பொலிசார் சூழ்ந்து நிற்கிறார்கள். இரவு முழுவதும் நடந்தவற்றை நினைத்துப் பார்க்கிறான். விடியும்போது தன்னையே சுட்டுக்கொள்கிறான். மக்களின் மனவுறுதியைக் கெடுக்கும் படம் என்று விஷி அரசாங்கம் இதைத் தடை செய்திருந்தது.

இந்தப் படத்தின்பின் பசான் பெரிய தத்துவங்களோடு பேச்சைத் தொடங்குவதில்லை. அந்த அறையிலே என்னென்ன தளபாடங்கள் இருந்தன என்பது போன்ற எளிய விடயங்களில் இருந்து தொடங்குவார். கதவுக்கு அண்டை கொடுத்த அலுமாரி, கண்ணாடி, மணிக்கூடு, சிகரெட் துண்டுகள். தீப்பெட்டி முடிந்துவிட்டதால் ஒரு சிகரெட் அணையுமுன் அதிலேயே அடுத்ததைப் பற்றவைக்க வேண்டிய நிலை அந்த மனிதனுக்கு. இந்தச் சிறிய விடயத்துக்குள் அவன் முழுக் கதியும் அடங்கியிருக்கிறது என்பதைப் படிப்படியாக வெளிக்கொண்டு வருவார். எந்தப் பட்டமும் பெறாத தொழிலாளர் தாங்கள் கண்டதைத் தாங்களே எடுத்துச் சொல்லி, கலையின் நுட்பத்தைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். இதைவிட நல்ல வகுப்பு எந்தக் கலாசாலையில் நடக்கும்?

படம் எப்படி உண்மை பேசும்?

பசான் எழுதியவை 2,600 கட்டுரைகளுக்கு மேல். அவற்றின் சாரத்தை இங்கே சுருக்கமாகச் சொல்லலாம்.

1945இல் நிழற்படத்தைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். இறந்தவரின் உடலைப் பதனிட்டு வைத்த எகிப்தியர் காலந்தொட்டு, காலம் கொண்டுபோவதைத் தடுத்து நிறுத்த மனிதன் ஆசைப்படுகிறான். ஓவியமும் சிற்பமும் அந்த ஆசையிலே பிறந்தவை. ஆனால் ஓவியத்தில் ஓவியனின் கை இருக்கிறது. நிழற்படத்திலோ பொருளிலிருந்து வந்த ஒளியே நேராகப் பதிகிறது. கைரேகை விரலுக்குச் சாட்சி சொல்வதைப் போல அது பொருளுக்குச் சாட்சி சொல்கிறது. தூரின் நகரத்துப் புனித துகிலையும் அவர் இந்தத் தொடர்பில் நினைவூட்டினார். திரைப்படம் அந்தச் சாட்சியத்தோடு காலத்தின் ஓட்டத்தையும் சேர்த்துக்கொள்கிறது.

ஆகவே உலகை மதிப்பதே படம் எடுப்பவனின் முதற் கடமை என்று அவர் கண்டார். துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, இதைப் பார், இப்போது அழு, இப்போது சிரி என்று பார்வையாளனின் பிடரியைப் பிடித்துத் திருப்பும் முறையை அவர் சந்தேகத்தோடு நோக்கினார். கமரா பொறுமையாக நின்று, அருகில் உள்ளதையும் தொலைவில் உள்ளதையும் ஒருங்கே காட்டினால், எதைக் கவனிப்பது என்று பார்வையாளன் தானே தெரிவு செய்யலாம். ரெனுவாரிடமும் ஓர்சன் வெல்சிடமும் வில்லியம் வைலரிடமும் இந்த மதிப்பை அவர் கண்டார்.

யுத்தத்தின்பின் இத்தாலியிலிருந்து வந்த படங்கள் அவருக்குப் பெருமகிழ்ச்சி தந்தன. டி சிக்காவின் ‘சைக்கிள் திருடர்’ 1948இல் வெளிவந்தது. கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். வேலையற்ற ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அதற்குச் சைக்கிள் வேண்டும். முதல் நாளே அது களவு போகிறது. சிறு மகனையும் கூட்டிக்கொண்டு உரோமை நகரம் முழுவதும் தேடுகிறான். ஈற்றில் தானே ஒரு சைக்கிளைத் திருடப் போய் அகப்படுகிறான். தகப்பனாக நடித்தவர் தொழில்முறை நடிகரல்லர். தொழிற்சாலையில் வேலை செய்தவர்.

ஏழைகள் பிழைப்பதற்காக ஏழைகளிடமே திருடவேண்டி வரும் ஒரு சமூகத்தைப் பற்றிய கண்டனம் இப்படத்தில் உண்டு. ஆனால் எந்தப் பாத்திரமும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. நிகழ்ச்சிகளே பேசுகின்றன. இதைப் பசான் தெளிவாக எடுத்துக் காட்டினார். தகப்பனோடு நடந்து வரும் அந்தச் சிறுவனின் நடையையும் பார்வையையும் அவர் நுட்பமாகக் கவனித்தார். தகப்பன் விழுந்ததைக் கண்ட மகன் அவன் கையைப் பிடிக்கும் கடைசிக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 1995இல் திரைப்படக் கலையின் நூற்றாண்டை ஒட்டி வத்திக்கான் வெளியிட்ட 45 படங்களின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது.

சமயப் படங்களைப் பற்றி

நமக்கு நெருக்கமான ஒரு விடயத்துக்கு வருவோம். 1951இல் ‘எஸ்ப்ரி’ சஞ்சிகையில் திரைப்படத்தையும் இறையியலையும் பற்றிப் பசான் எழுதினார். கத்தோலிக்க சமயத்தின் வெளித்தோற்றம் கமராவுக்குப் பெருவிருந்து. பூசை உடைகள், மெழுகுதிரிகள், சுற்றுப்பிரகாரம், புதுமைகள் எல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சியானவை. ஆனால் இவற்றைக் குவித்துவிட்டால் விசுவாசம் திரையில் வந்துவிடாது என்பது அவர் கருத்து. புனிதரின் தலைக்குப் பின்னே ஒளிவட்டம் போடுவது இலகு. அவர் உள்ளத்திலே நடக்கும் போராட்டத்தைக் காட்டுவதே அரிது. வெளி அலங்காரத்தைக் குறைத்துக்கொண்ட படங்களே அருளின் மறைபொருளை நெருங்கியுள்ளன என்று அவர் கண்டார்.

அதற்கு அவர் காட்டிய உதாரணம், றொபேர் பிறெசோன் 1951இல் எடுத்த ‘ஒரு நாட்டுப்புறக் குருவின் நாட்குறிப்பு’. பேர்னானோஸ் 1936இல் வெளியிட்ட நாவலைத் தழுவியது. சின்னஞ்சிறு பங்கொன்றுக்கு வரும் இளங்குரு நோயாளி, தனித்தவர், பங்கு மக்களால் விரும்பப்படாதவர். எல்லாரும் அவரைத் தோல்வியுற்றவராகவே காண்கிறார்கள். வயிற்றுப் புற்றுநோயால் அவர் மரிக்கும்போது திரையில் காட்சி எதுவும் இல்லை. வெறும் சிலுவையின் வடிவம் மாத்திரம் நிற்கிறது. ஒரு குரல் வாசிக்கிறது. அவ்வளவுதான். நாடகத்தனமான எதுவுமில்லாத இந்தப் படத்தில் சிலுவைப் பாதையின் அமைப்பைப் பசான் கண்டார். குருவின் தடுமாற்றங்களும் விழுதல்களும் அந்தப் பாதையின் நிலைகளாக அவருக்குத் தோன்றின. ஒரு படத்தைப் பற்றி எழுதப்பட்ட மிகச் சிறந்த கட்டுரைகளுள் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது.

அந்நாட்களில் திருச்சபையும் திரைப்படத்தை எவ்வாறு நோக்குவது என்று ஆழ்ந்து யோசித்துக்கொண்டிருந்தது. 1928இல் சர்வதேச கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பு உருவாயிற்று. 1936இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் ‘விஜிலாந்தி கூரா’ என்னும் சுற்றுமடலில், தீய படங்களைப் பற்றி எச்சரித்து, படங்களைத் தரம் பிரித்து விசுவாசிகளுக்கு அறிவிக்கும்படி பணித்தார். 1957இல் 12ஆம் பத்திநாதர் ‘மிராந்தா புரோர்சுஸ்’ சுற்றுமடலில், பார்வையாளரைப் பயிற்றுவிப்பதன் அவசியத்தையும் வற்புறுத்தினார். தடுப்பது ஒரு காவல். பார்க்கக் கற்பிப்பது இன்னொரு காவல். இரண்டாவதற்காகவே பசான் தம் வாழ்நாளைச் செலவிட்டார். 1950இல் பிரெஞ்சுக் கத்தோலிக்கர் தொடங்கிய ‘ரேடியோ சினிமா தெலெவிசியோன்’ என்ற வாரப் பத்திரிகையிலும் அவர் ஒழுங்காக எழுதி வந்தார். அப்பத்திரிகையே பின்னர் ‘தெலெராமா’ எனப் பெயர் மாறியது.

இரு பக்கத்து அடி

உண்மை பேசுகிறவனுக்கு இரு பக்கத்திலும் அடி விழும் என்பதற்குப் பசானும் ஒரு சாட்சி. ‘உழைப்பும் பண்பாடும்’ இயக்கத்தில் கம்யூனிஸ்டுகளின் செல்வாக்கு வளர்ந்து வந்தது. அவர்களோடு அவர் மனமொத்து உழைத்தார். ஏழைகளுக்காக அவர்கள் கொண்ட அக்கறையை மதித்தார். ஆனால் 1950இல், சோவியத் படங்களில் ஸ்டாலின் சித்திரிக்கப்படும் முறையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். உயிரோடிருக்கும் ஒரு தலைவனை, தவறே செய்யாதவனாக, சரித்திரத்தின் முழு அர்த்தத்தையும் முன்கூட்டியே அறிந்தவனாகக் காட்டுவது கலையுமல்ல, உண்மையுமல்ல என்று காரணங்களோடு விளக்கினார். ஸ்டாலின் அப்போது உயிரோடிருந்தார். பசானுடைய தோழர்கள் பலர் அவரைவிட்டு விலகினார்கள். கடுமையான பதில்கள் வந்தன. அவர் வசைபாடவில்லை. எழுதியதை மீளப் பெறவுமில்லை.

பின்னர் 1954இல் பெலினியின் ‘லா ஸ்திராடா’ வெளிவந்தபோது, சமூகப் பிரச்சினையை விட்டு ஆன்மாவைப் பற்றிப் பேசுகிறது என்று இத்தாலிய இடதுசாரி விமர்சகர் சிலர் அதைத் தாக்கினார்கள். பசான் அந்தப் படத்துக்காகப் பரிந்து எழுதினார். மனிதனின் பசியும் உண்மை, அவன் ஆன்மாவும் உண்மை. ஒன்றைக் காட்டுவதற்காக மற்றதை மறைக்கவேண்டியதில்லை என்பது அவர் நிலைப்பாடு.

தெருவில் நின்ற பையன்

பசானுடைய எழுத்துக்களை மறந்துவிடுகிறவர்களும் அவர் செய்த ஒரு செயலை மறக்க மாட்டார்கள்.

1948ஆம் ஆண்டின் இறுதியில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் அவரைத் தேடி வந்தான். தானும் ஒரு திரைப்படக் கழகம் நடத்துவதாகவும், ஞாயிறு காலையில் பசானின் கழகமும் கூடுவதால் தன்னுடையதற்கு ஆட்கள் வருவதில்லை என்றும், நேரத்தை மாற்றவேண்டும் என்றும் முறையிட்டான். பிரான்சுவா த்ரூபோ என்பது அவன் பெயர். தகப்பன் யாரென்று அறியாது பிறந்தவன்; வீட்டில் அன்பு காணாதவன்; பாடசாலையை விட்டோடிப் படக்கொட்டகைகளிலே வளர்ந்தவன்.

அவனுடைய கழகம் கடனில் மூழ்கியது. கடனுக்காகச் சிறு களவும் செய்திருந்தான். வளர்ப்புத் தகப்பனே அவனைப் பொலிசிடம் ஒப்படைத்தார். வில்ஜுயிப் என்னுமிடத்தில் இளங் குற்றவாளிகளுக்கான நிலையத்தில் அவன் அடைக்கப்பட்டான். இரத்த உறவு கைவிட்ட அந்தப் பிள்ளைக்காகப் பசான் முன்வந்தார். அதிகாரிகளோடு பேசி, பொறுப்பேற்று, அவனை வெளியே கொண்டுவந்து, தம்மோடு வேலைக்கு வைத்துக்கொண்டார்.

கதை அத்தோடு முடியவில்லை. 1950இன் முடிவில் த்ரூபோ இராணுவத்தில் சேர்ந்தான். பின்பு அங்கிருந்து ஓடினான். இராணுவச் சிறையில் அடைபட்டான். பசான் இரண்டாம் முறையும் அவனுக்காக அலைந்தார். அப்போது அவருக்குத் திருமணமாகியிருந்தது. மனைவி ஜனீன், சிறு மகன் புளோரன். உடலில் நோய், கையிலே பணமில்லை. அப்படியிருந்தும் பிறி சூர் மார்ன் என்ற இடத்திலிருந்த தம் வீட்டின் மேல்மாடியில் அவனுக்கு ஓர் அறை கொடுத்தார்கள். இரண்டு ஆண்டளவில் அவன் அங்கே அவர்கள் பிள்ளையாகவே இருந்து எழுதப் பழகினான்.

பின்னர் அந்த இளைஞன், பிரெஞ்சுப் படங்களின் போக்கை மிகக் கடுமையாகத் தாக்கி ஒரு கட்டுரை எழுதினான். பசானுக்கு அதன் காரம் பிடிக்கவில்லை. நெடுநாள் தாமதித்து, திருத்துவித்து, 1954 சனவரியில் வெளியிட்டார். தமக்கு உடன்பாடில்லாத கருத்துக்கும் தம் பத்திரிகையில் இடம் கொடுக்கும் பெருந்தன்மை அவரிடம் இருந்தது. 1957இல் தம் இளம் சீடர்களின் கொள்கையில் இருந்த மிகைப்பாட்டைச் சுட்டிக்காட்டித் தாமே ஒரு கட்டுரை எழுதினார். கண்டித்தார், கைவிடவில்லை.

நோயும் நூலும்

1950இல் சயரோகம் அவரைப் படுக்கையில் தள்ளியது. மாதக்கணக்காக நோயாளர் விடுதியில் இருந்தார். தொழிற்சாலைகளுக்கு அலைவது அதன்பின் இயலாமற் போயிற்று. அலைய முடியாதவர் எழுத்தைக் கூட்டினார். 1951 ஏப்ரிலில் ‘கையே டு சினெமா’ என்னும் மாத சஞ்சிகை பிறந்தது. பசான், டோனியோல் வல்குறோஸ், லோ டூக்கா ஆகியோர் அதை உருவாக்கினார்கள். அங்கே எழுதப் பழகிய த்ரூபோ, கொடார், றொமேர், றிவெத், ஷப்ரோல் ஆகிய இளைஞர்கள் பிற்காலத்தில் தாமே படம் எடுத்து ‘புதிய அலை’ என்று பெயர் பெற்றார்கள். பெரும் அரங்கமைப்புக்களும் பெரும் முதலும் இல்லாமல், தெருவில் இறங்கிப் படம் எடுக்கலாம் என்ற துணிவை உலகுக்குக் கொடுத்தவர்கள் அவர்கள்.

1954இல் பசானுக்கு இரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. எஞ்சிய நான்கு ஆண்டுகளிலும் அவர் வேலையை நிறுத்தவில்லை. நண்பர்களுக்கு அவர் வீடு எப்போதும் திறந்தே இருந்தது. வழக்கம்போல் பிராணிகளும் வீட்டில் இருந்தன. பிரேசில் நாட்டிலிருந்து கிளியொன்றைக் கொண்டுவரப் பட்ட பாட்டை அவர் வேடிக்கையாக ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். தாமே ஒரு படம் எடுக்கவும் விரும்பினார். சந்தோஞ் பகுதியில் வயல்களுக்கு நடுவே நிற்கும் பழைய றோமானிய பாணித் தேவாலயங்களைப் பற்றிய விவரணப்படம் அது. இடங்களைப் போய்ப் பார்த்துக் குறிப்புகள் எழுதினார். படம் எடுக்கக் காலம் கிடைக்கவில்லை. அக்குறிப்புகள் 1959இல் அச்சில் வந்தன.

1958 நவம்பர் 10ஆந் திகதி த்ரூபோ தமது முதலாவது முழுநீளப் படத்தின் படப்பிடிப்பைத் தொடங்கினார். அன்று வேலை முடிந்ததும் பசானின் படுக்கையருகே விரைந்தார். அந்த இரவு கடந்து, நவம்பர் 11ஆந் திகதி, பசான் நொஜான் சூர் மார்னில் உயிர் நீத்தார். வயது நாற்பதும் சில மாதங்களுமே.

கவனிப்பாரற்ற ஒரு சிறுவன் குற்றவாளியாக்கப்படும் கதையான அந்தப் படத்துக்குப் பெயர் ‘நானூறு அடிகள்’. 1959இல் கான் விழாவில் சிறந்த இயக்குநருக்கான பரிசு அதற்குக் கிடைத்தது. அதைத் த்ரூபோ பசானின் நினைவுக்கே அர்ப்பணித்தார். பசான் முடிக்காது விட்ட, ரெனுவாரைப் பற்றிய நூலையும் அவரே சேர்த்தெடுத்து 1971இல் வெளிக்கொண்டு வந்தார். ‘திரைப்படம் என்றால் என்ன’ என்னும் தலைப்பில் பசானின் தெரிந்தெடுத்த கட்டுரைகள் 1958 முதல் 1962 வரை நான்கு தொகுதிகளாக வந்தன. அந்தத் தலைப்பே ஒரு கேள்வி என்பதைக் கவனியுங்கள்.

நமக்குள்ள பங்கு

அன்புள்ள வாசகரே, இன்று படச்சுருளைத் தேடி அலையவேண்டியதில்லை. புறொஜெக்டரைச் சுமக்க வேண்டியதுமில்லை. உள்ளங்கையில் உலகத்துப் படங்களெல்லாம் கிடைக்கின்றன. ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனி மூலையில் இருந்து தனித்தனியே பார்க்கிறோம். பார்த்ததைப் பற்றிப் பேச ஆளில்லை. பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள் என்று கவலைப்படும் பெற்றோர் பலர். அவர்களோடு கூட இருந்து பார்த்து, பின்னர் இருபது நிமிடம் பேசுகிறவர்கள் எத்தனை பேர்?

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ஒரு மண்டபம், ஒரு வெள்ளைத் துணி, முப்பது கதிரைகள், ஆறு வாரத்துக்கு ஆறு நல்ல படங்கள். இத்தாலியப் படம் ஒன்று, யப்பானியப் படம் ஒன்று, ஈரானியப் படம் ஒன்று, அயல்நாட்டு இளைஞர் கடன்பட்டு எடுத்த படம் ஒன்று என்று தெரிந்துகொள்ளலாம். மொழி விளங்காதென்று அஞ்சவேண்டாம். மகனின் கை தகப்பனின் கைக்குள் போவதற்கு மொழிபெயர்ப்பு வேண்டுமா? படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு, வாசலைப் பார்க்காமல் அயலில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, என்ன கண்டீர்கள் என்று கேளுங்கள்.

நடத்துவதற்குப் பேச்சாளர் வேண்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். கற்பிக்கத் தகுதியில்லை என்று தள்ளப்பட்ட திக்குவாய் மனிதர் ஒருவர், தொழிற்சாலைகளில் நின்று ஒரு நாட்டுக்கே படம் பார்க்கக் கற்பித்தார். அந்த மண்டபத்தின் கடைசி வரிசையில், வீட்டாரால் கைவிடப்பட்ட ஒரு பையன் இருக்கக்கூடும். அவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முன்னே இருத்துங்கள்.